அறுத்துட்டு அனுப்பறேன்

எங்கள் ஓய்வுபெற்ற காவலர் சங்கத்தில் இந்த முறை ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் போன் செய்தார்.

"அண்ணாத்த, அந்த ரைஸ் மில் மேட்டரை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். பேப்பர்ல வந்துச்சே ஒரு போட்டோ, கொழந்தையத் தோள்ல போட்டுகினு வெளிய வர்றீங்களே, அதையும் வெச்சு அனுப்புங்க. வீர அனுபவங்கள்னு ஒரு பகுதி போடறோம். மொத கட்டுரையே உங்களுதுதான்."

வீரமாம்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எழுதித் தருகிறேன், ஆனால் நான் எழுதுவதை ஒரு வரி வெட்டாமல் போடவேண்டும் என்றேன். "அதுக்கு இன்னா, போட்டுட்டாப் போச்சு" என்றார். போடுகிறாரா பார்க்கலாம்.

நான் ஆரணியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா குழித்தறியில் பட்டு நெய்தவர். தரையில் இடுப்பளவு குழி தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அது. எனக்கு அந்தக் குழியே ஆகாது. உடம்பு வாகாக இருந்தது, ஓடிக் காட்டினேன், போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் நிற்கப் பழக்கினார்கள், பதில் பேசாமலிருக்கப் பழக்கினார்கள். கூட இருந்தவர்கள் எனக்கு 'தறி' என்று பேர் வைத்தார்கள். "தறி, இன்னாடா டொக்கு டொக்குன்னு நடக்கிற?" என்பான் ஒருவன். அந்தப் பேர் போகவேண்டும் என்பதற்காகவே தறி சம்பந்தமான ஒரு வார்த்தையைக்கூட ஸ்டேஷனில் உச்சரிக்காமல் இருந்தேன். வருடங்கள் ஓடி, எஸ்.ஐ. ஆகிச் சொந்த ஊருக்கே வந்தபோதுகூட அந்தக் கூச்சம் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு டி.எஸ்.பி. வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரைப் போல ஒரு அதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கான்ஸ்டபிளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. எதற்கும் அவசரப்படமாட்டார். யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேரண்டி சொல்லுவீங்களா?" என்பார். செக்போஸ்ட்டில் சந்தேக லாரியைப் பிடித்தால் கேரண்டி. இன்னார்தான் திருடன் என்றால் கேரண்டி. சொல்ல முடியவில்லை என்றால் கோபப்படமாட்டார். "சரி, அப்ப அதை ஒதுக்கி வைங்க" என்பார். அந்தப் பழக்கத்தால் தப்பான ஆளைப் பிடித்து அடிக்காமல் நாங்கள் எத்தனையோ முறை தப்பித்தோம். அவரைக் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் இந்தக் கட்டுரையை நான் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரை ஒட்டி, சந்தவாசல் போகிற பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில் ஒரு கூட்டம் குடியேறியது. வெள்ளைத் துணிக்காரர்கள் என்று ஊர் அவர்களைச் சொல்லும். தலைவர் ஒரு பழைய நெசவாளி. நூல் சாமி என்பார்கள். பட்டுப்பூச்சியைக் கூட்டோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள், ஆகவே பட்டு நெய்வது பாவம், உடுப்பது பாவம் என்பது அவர் உபதேசம். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு பட்டு பாவம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள். ஆனாலும் முப்பது நாற்பது பேர், குடும்பம் குடும்பமாகப் பட்டுத் தறியை விட்டுவிட்டு மில்லுக்குள் போய் வெள்ளைப் பருத்தி நெய்ய ஆரம்பித்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி கஸ்தூரி. புருஷன் தட்சிணாமூர்த்தி பட்டுச் சேலைத் தரகர். அவள் அவரை விட்டுவிட்டு, ஆறு வயதுப் பெண் குழந்தை பவானியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தட்சிணாமூர்த்தி கோர்ட்டுக்குப் போனார். குழந்தையை ஆஜர்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றத்தான் நாங்கள் போனோம். எங்களுக்கு வேண்டியது ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

கேட்டுக்கு வந்து பேசினவர் நூல் சாமியேதான். "கொழந்தைய நாங்க கட்டிப் போடலீங்க. எல்லாருமா சேர்ந்து ஒரு துணி நெய்யறோம். வேண்டுதல். அது முடியற வரைக்கும் யாரும் வாசல் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு. முடிஞ்சதும் அனுப்பிடறோம். பேஜார் பண்ணாதீங்க."

கோர்ட் உத்தரவைத் துணி முடியட்டும் என்று காத்திருக்க வைக்க முடியாது. எங்கள் ஆட்கள் கேட்டைத் தள்ளினார்கள், உள்ளே இருந்தவர்கள் எதிர்த்துத் தள்ளினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் கேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை எகிறி ஏட்டு மாசிலாமணியின் மண்டையில் விழுந்தது. யாராவது ஓங்கி அடித்தார்களா, தானாக விழுந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாசிலாமணியும் நானும் ஒரே போலீஸ் லைனில் குடியிருந்தவர்கள். என் பெண்ணுக்குக் காது குத்தியபோது மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டவர். அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே இருந்தவர்கள் பயந்துபோய்க் கேட்டை அடைத்துவிட்டார்கள். முற்றுகை அப்படித்தான் ஆரம்பித்தது.

டி.எஸ்.பி. எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். சுற்றிலும் ஆள் நிறுத்தினார். கரண்ட்டை நிறுத்தினார், ஆனால் தண்ணீரை நிறுத்தவில்லை. குழந்தைகளுக்குப் பால் பாக்கெட்டைக் கூடையில் வைத்துக் கேட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னார். தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் கொண்டுவந்து நிறுத்தினார். வருவாய்க் கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ.வை வரவழைத்து உட்காரவைத்தார், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குண்டும் புகையும் கிளம்பக்கூடாது என்று. மைக்கில் பேச ஒரே ஆள் என்று வைத்தார். அந்த ஆள் நான். "நீங்க இந்த ஊரு பேச்சு பேசுதீங்க. நான் பேசினா அவங்களுக்கு வேத்தாள் மாதிரி இருக்கும்" என்றார். புஸ்தகத்தில் இருக்கிற எதையும் அவர் விடவில்லை.

ஊர்தான் விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு டீக்கடையே முளைத்துவிட்டது. அங்கே ஒரு பேச்சு கிளம்பியது. உள்ளே நெய்கிற வெள்ளைத் துணி கோடித் துணியாம். பிணத்துக்குப் போர்த்துகிற துணி. அது முடிந்த அன்றைக்கு மொத்தக் கூட்டமும் குழந்தை குட்டியோடு செத்துப்போவார்களாம். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஒருத்தனும் இல்லை. "ஊரே சொல்லிகினு இருக்குது சார், உங்களுக்குத்தான் தெரியல" என்பான். தட்சிணாமூர்த்தி அதைக் கேட்டுவிட்டு டி.எஸ்.பி. காலில் விழுந்தார். "என் பொண்ணக் காப்பாத்துங்க சாமி, அவ பைத்தியம் சாமி, அவ எதையும் செய்வா." டி.எஸ்.பி. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

மூன்றாம் நாள் காலை வேலூரிலிருந்து போன் வந்தது. மாசிலாமணி போய்விட்டார்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த போனுக்குப் பிறகு நான் மைக்கில் பேசிய பேச்சு வேறு. அதுவரை 'வாங்கம்மா, போங்கம்மா' என்றவன், "ஏய் கஸ்தூரி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாராவது உத்தரவு கொடுக்கமாட்டார்களா என்று லத்தியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

மத்தியானம் தாண்டியிருக்கும். "ஏய் கஸ்தூரி, கடைசியா சொல்றேன். பவானிய வெளிய அனுப்பு!" என்று கத்தினேன்.

மில்லின் உயரத்து ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அறுத்துட்டு அனுப்பறேங்க! தோ, ஒரு நிமிஷங்க! அறுத்துட்டு அனுப்பறேன்!"

எங்கள் வரிசை அப்படியே உறைந்தது. தட்சிணாமூர்த்தி அலறினார். டி.எஸ்.பி. என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுதா? அறுத்துட்டா?"

தறி வீட்டில் பிறந்த எவனுக்கும் அந்த வார்த்தை தெரியும். நெய்து முடித்த துணியை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலிலிருந்து வெட்டி எடுப்பதைத்தான் அறுக்கிறது என்போம். 'இந்த வாரம் ரெண்டு அறுத்தாச்சு' என்றால் இரண்டு சேலை முடிந்தது என்று அர்த்தம். எதை அறுத்தோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்ல அவசியமில்லை. அப்பா வீட்டுக்குள் வந்து 'அறுத்தாச்சு' என்றால் அம்மா அடுப்பில் பாயசத்துக்கு ஏற்றுவாள். அவ்வளவு சந்தோஷமான வார்த்தை.

சொன்னேன். சொல்லாமல் இல்லை. "சார், அது தறிப் பேச்சு சார். துணிய அறுக்கிறது. துணி முடிஞ்சிடுச்சுன்னு சொல்றா."

"துணி முடிஞ்சா என்ன செய்வாங்கன்னுதான் ஊரே சொல்லுதே."

"அது ஊர் புரளி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "உள்ள ஒரு பச்சப்புள்ள இருக்கு. வெளிய அப்பன் இருக்கான். நீங்க கேரண்டி சொல்லுங்க, நான் உக்காந்துருதேன். கழுத்தை இல்ல, துணியைத்தான்னு கேரண்டி சொல்லுவீங்களா?"

நியாயமான கேள்வி. அவர் ஸ்தானத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

என் தாய் பேசின பேச்சு அது. எனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? ஒருவேளை கழுத்தாக இருந்துவிட்டால் என்று யோசித்தேன். நாளைக்கு என்கொயரியில், இந்தத் தறிக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் உட்கார்ந்தோம் என்று சொல்வார்களே என்று யோசித்தேன். வேலூரில் வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்த மாசிலாமணியையும் யோசித்தேன். இவர்களுக்காக நான் ஏன் கேரண்டி சொல்லவேண்டும் என்று ஒரு வெறுப்பு வந்தது. அதுவும் நிஜம்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாது சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆர்.டி.ஓ.வைப் பார்த்தார். மூன்று தரம் எச்சரிக்கை சொல்லவேண்டும் என்பது விதி. நான்தான் மைக்கில் சொன்னேன், வேகவேகமாக. ஜன்னலிலிருந்து ஏதோ பதில் வந்தது. மூன்றாவது எச்சரிக்கையை நானே சொல்லிக்கொண்டிருந்ததால் அது என்னவென்று காதில் விழவில்லை.

இரண்டு புகைக்குண்டுகள் ஜன்னல் வழியாகப் போயின. லாரியை விட்டுக் கேட்டை உடைத்தார்கள். குண்டு ஒன்று நூல்கண்டு அடுக்கியிருந்த இடத்தில் போய் விழுந்திருக்கிறது. பருத்தி நூல், பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பயந்து அவர்களே பின்கதவுக்கு மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஓடினவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி தயாராக இருந்ததால் தீ ஜல்தியாக அணைந்தது. புகைதான் அணையவில்லை. நூல் சாமி, இரண்டு கிழவர்கள், கஸ்தூரி. நான்கு பேர் புகையில் போய்விட்டார்கள்.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு முதலில் நுழைந்தவர்களில் நானும் ஒருவன். தறிக்கூடத்தில் கஸ்தூரி தறிமேல் கவிழ்ந்து கிடந்தாள். கையில் பாவு அறுக்கிற சின்னக் கத்தி. அவளுக்கு முன்னால் வெள்ளைத் துணி முக்கால்வாசி அறுபட்டு, மீதி இழைகள் பாவோடு இருந்தன. கீழே தறிக்குழியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் குழந்தை. புகை மேலேதான் நின்றது, குழியில் மூச்சுவிடக் காற்று இருந்தது. குழந்தை தானாக இறங்கின மாதிரி இல்லை. குழி வாயை மறைத்துத்தான் அம்மாக்காரி கவிழ்ந்திருந்தாள். அவளை நகர்த்திவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எவனோ போட்டோ எடுத்தான்.

அந்தக் கத்தியை ஆயுதம் என்று சீல் வைத்தார்கள். எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கஸ்தூரி சொன்னது தறிப் பேச்சு என்று என்கொயரியில் சொன்னேன். விசாரித்த அதிகாரி, "அது உங்க அபிப்பிராயம்" என்றார். பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள், அந்தத் துணியைத் துண்டு துண்டாக்கி ஆரணியில் வீட்டுக்கு ஒன்று கொடுப்பதாக வேண்டுதலாம். டி.எஸ்.பி. மாற்றலாகிப் போகிற அன்று என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதாமலே செத்துப்போயிருப்பேன். நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் தாம்பாளம், பழம், வெற்றிலை, கல்யாணப் பத்திரிகை. யாரென்று நான் கேட்பதற்குள் காலில் விழுந்துவிட்டாள்.

"நான் பவானி சார். செய்யார்ல கம்பெனி வேலைக்குப் போய்கினு இருக்கேன். வர்ற மாசம் கல்யாணம். மொத பத்திரிக சாமிக்கு வெச்சேன், ரெண்டாவது உங்களுக்குத்தான்."

என் மனைவி காபி போடப் போனாள். அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். வீட்டில் தறியே கூடாது என்று தரகையும் விட்டு மளிகைக்கடை வைத்தாராம். போன வருடம் காலமாகிவிட்டாராம். "உங்க போட்டோ எங்க வீட்டு சாமி ரூம்ல இருக்குது சார். என்னைத் தூக்கிகினு வர்றீங்களே, அது. அப்பா தெனமும் கும்பிடச் சொல்லுவார். பெத்தவளே கழுத்த அறுக்க வந்தா, போலீஸ்காரர் தெய்வமா வந்தாருன்னு."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்குதாம்மா?"

"ஒண்ணே ஒண்ணு சார். அம்மா என் கழுத்தப் புடிச்சு ஒரு குழிக்குள்ள தள்ளிச்சு. நான் எழுந்திருக்க எழுந்திருக்க மண்டையப் புடிச்சு அழுத்திச்சு. கொல்லத்தான் பாத்துதுன்னு அப்பா சொன்னார். அது மட்டும் கனவுல வரும்."

சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கல்யாணப் பெண். பத்திரிகையில் அம்மா பேரே இல்லை. ஆனால் அந்த போட்டோவுக்கு முன்னால் நாளைக்கு இவள் பிள்ளையும் கைகூப்பி நிற்குமே என்று நினைத்தபோது உடம்பு கூசியது. சொன்னேன். அறுக்கிறது என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரியவில்லை. ஆரணிப் பெண், தறிக்காரி பெற்ற பிள்ளை, அந்த வார்த்தையைக் கழுத்தோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறாள். முக்கால்வாசி அறுபட்ட துணியைச் சொன்னேன். புகை மேலேதான் நிற்கும், குழியில் தலையை அழுத்தினது அதற்காகத்தான், குழிக்கு மேலே கவிழ்ந்துகிடந்தது அதற்காகத்தான் என்று சொன்னேன். உன்னைக் காப்பாற்றினது நான் இல்லை, அவள்தான் என்றேன். டி.எஸ்.பி. என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த பெயர்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் அம்மாவுக்கு ஒரு நாள்கூட வெளக்கு வெச்சதில்ல சார்" என்றாள். பிறகு, "மூஞ்சி எப்படி இருக்கும் சார்? அப்பா எல்லா போட்டோவையும் கொளுத்திட்டார்" என்றாள்.

நான் பார்த்தது புகை படிந்த முகம். அதை எப்படிச் சொல்வது? "மூஞ்சிய நான் சரியா பாக்கலம்மா. குரல்தான் கேட்டேன்" என்றேன்.

"குரல் எப்படி இருந்துச்சு? கோவமா இருந்துச்சா?"

"இல்லம்மா. சந்தோஷமா இருந்துச்சு. வேலை முடிஞ்ச சந்தோஷம்."

அதைச் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு டி.எஸ்.பி.யிடம் வேறு எந்தக் கேரண்டியும் சொல்லியிருக்க வேண்டாம். அவள் குரல் சந்தோஷமாக இருக்கிறது சார் என்று சொல்லியிருந்தாலே போதும். என் காது அதைக் கேட்டது. வாய்தான் சொல்லவில்லை.